வெளிநாட்டில் பேரிடர் நேர்ந்தால்: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்தத் தெரு மேட்டுக்குப் போகிறது, எந்தப் பாலம் மழையில் முதலில் மூழ்கும், சைரன் எதற்காக ஊதுகிறது என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத் தெரியும். நேற்றிரவு வந்து இறங்கிய பயணிக்கு ஹோட்டலின் பின்வாசல்கூடத் தெரியாது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்தக் குறையை எப்படிச் சரிக்கட்டுவது என்பதைப் பற்றியவைதான்.

டிக்கெட் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டைப் பாருங்கள்: போகும் மாதம், தங்கும் இடத்தின் நிலம்.

ஹரிகேன் எனப்படும் அட்லாண்டிக் புயல்களின் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் உச்சம். வடமேற்கு பசிபிக்கில் டைஃபூன் எனப்படும் புயலுக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. ஜூலை முதல் அக்டோபர் வரை அதிகம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே புயல் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மத்தியதரைக் கடல் நாடுகளில் காட்டுத்தீக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. புயல் பருவங்களில் பல இடங்களில் விடுதிக் கட்டணம் குறையும். மலிவுக்கு ஒரு காரணம் உண்டு.

நிலம் என்று வரும்போது நாட்டின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. கடலோரத் தாழ்நிலமா, ஆற்றுப் பள்ளத்தாக்கா, எரிமலை அடிவாரமா என்று அந்த விடுதியையே வரைபடத்தில் பாருங்கள். ஆபத்து வெகுதொலைவிலிருந்தும் வரும். 2014 அக்டோபரில் வங்கக்கடலில் உருவான ஹுட்ஹுட் புயல் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறியது. அதன் மிச்சம் இரண்டு நாளில் நேபாள மலைகளை எட்டிப் பெரும் பனிப்பொழிவாகக் கொட்டியதில், தோராங் கணவாயைச் சுற்றி மலையேறிகளும் வழிகாட்டிகளுமாக 40-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேறப் போகிறவர் கடல் வானிலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

விடுதி அறையை எந்த மாடியில் கேட்பது?

மூன்று முதல் ஆறு வரை. அதற்குக் கீழே வெள்ளமும் அலையும் எட்டும். அதற்கு மேலே பல ஊர்களில் தீயணைப்பு ஏணி எட்டாது. லிஃப்ட் நின்றுவிட்டால் பெட்டியோடு இருபது மாடி இறங்குவதும் எளிதல்ல.

கட்டடத்தின் வயதும் முக்கியம். ஜப்பானில் 1981 ஜூன் மாதம் கடுமையான புதிய நிலநடுக்கக் கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கட்டப்பட்டு, பின்னர் வலுப்படுத்தப்படாத கட்டடங்களைத் தவிர்ப்பது நல்லது. எந்த நாட்டிலும் சந்தேகப்பட வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு: தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்க, அங்கே கார் நிறுத்தமோ கண்ணாடிக் கடையோ இருக்க, மேலே நான்கைந்து மாடிகள். பக்கவாட்டில் ஆட்டம் வந்தால் அந்தத் தரைத்தளம்தான் முதலில் நொறுங்கும்.

அறைக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும்?

பெட்டியைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் கதவிலிருந்து அவசரப் படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். புகையிலும் இருட்டிலும் கண் உதவாது, அந்த எண்ணிக்கை உதவும். படிக்கட்டில் கீழ்வரை ஒருமுறை இறங்கிப் பாருங்கள். கடைசிக் கதவு பூட்டியிருக்கிறதா, அட்டைப் பெட்டிகள் அடுக்கி மறித்திருக்கிறார்களா என்பது அப்போதுதான் தெரியும். வரவேற்பு மேசையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இங்கிருந்து மேட்டுநிலம் எந்தப் பக்கம்?” கடலோர விடுதி ஊழியர் இதற்கு உடனே பதில் சொல்லாவிட்டால், வழியை நீங்களே நடந்து பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தூங்கும் முன் காலணியையும் டார்ச்சையும் கட்டில் ஓரமாக வையுங்கள். நிலநடுக்கத்துக்குப் பின் வெறுங்காலோடு கண்ணாடித் துண்டுகளை மிதிப்பது மிகச் சாதாரணமாக நேரும் காயம். கால் கிழிந்தவரால் மேட்டுக்கு ஓட முடியாது.

நிலம் ஆடத் தொடங்கியதும் வெளியே ஓட வேண்டுமா?

நவீனக் கான்கிரீட் கட்டடத்தில் ஓடக்கூடாது. ஆட்டத்தின்போது காயம்படுவோர் பலர், நடக்க முயன்று விழுந்தவர்களும் மேலிருந்து பொருள் விழுந்து அடிபட்டவர்களும்தான். வாசலில் கண்ணாடியும் முகப்பு ஓடுகளும் விளம்பரப் பலகையும் கொட்டும். எனவே மண்டியிடுங்கள், உறுதியான மேசையடியில் தலையையும் கழுத்தையும் மறையுங்கள், மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகர்ந்தால் கூடவே நகருங்கள். மேசை இல்லையென்றால் உள்சுவரோரம் குனிந்து கையால் தலையை மூடுங்கள். படுக்கையில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

கதவு நிலையில் நிற்பது பழைய மண்வீட்டுக் காலத்து அறிவுரை. இன்றைய கட்டடத்தில் நிலை மற்ற சுவரைவிட வலுவானது அல்ல; ஆடும் கதவு விரலை நசுக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பச்சைச் செங்கல் அல்லது கல்லடுக்குச் சுவரும் கனத்த கூரையும் கொண்ட பழைய வீட்டில், வாசல் இரண்டு மூன்று எட்டுத் தூரத்தில், வெளியே திறந்த முற்றம் என்றால் வெளியேறுவதே மேல். அந்தச் சுவர் முழுதாகச் சரியக்கூடியது. லிஃப்டில் இருந்தால் எல்லா மாடிப் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் திறக்கும் மாடியில் இறங்குங்கள். காரில் இருந்தால் பாலம், மின்கம்பம் இல்லாத இடத்தில் ஓரமாக நிறுத்தி உள்ளேயே இருங்கள்.

ஆட்டம் நின்றுவிட்டது. அறைக்குத் திரும்பலாமா?

முதலில் வந்ததுதான் பெரியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானின் குமாமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு பலத்த நிலநடுக்கம் வந்தது. வீடு திரும்பிய சிலர், 16ஆம் தேதி அதிகாலையில் வந்த அதைவிடப் பெரிய அதிர்வில் சிக்கினார்கள். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அன்று முதல் பெரும் நிலநடுக்கத்துக்கு ஏறத்தாழ 9 மணி நேரம் கழித்து, அதே அளவை நெருங்கிய இன்னொன்று வந்தது. முதலில் தப்பி நின்ற கட்டடங்கள் அதில் விழுந்தன.

எனவே பாஸ்போர்ட், மருந்து, பணம், காலணி ஆகியவற்றோடு ஒரே முறையில் படிக்கட்டு வழியாக வெளியேறுங்கள். மூலைவிட்டமாக விரிந்த விரிசல், தரைத்தளத் தூணில் உதிர்ந்த கான்கிரீட், மூட முடியாமல் கோணிய கதவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், பொறியாளர் பார்க்கும்வரை அந்தக் கட்டடத்தில் தூங்காதீர்கள். எரிவாயு வாசனை வந்தால் சுவிட்சைத் தொடக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

இடிபாட்டில் சிக்கிக்கொண்டால் கத்தி ஓயாதீர்கள். தூசிதான் உள்ளே போகும். துணியால் மூக்கை மூடிக்கொண்டு, குழாயையோ சுவரையோ மும்மூன்று தட்டாக இடைவெளி விட்டுத் தட்டுங்கள். விசில் இருந்தால் அது இன்னும் நல்லது.

வெளிநாட்டு சிம் உள்ள என் போனுக்கு எச்சரிக்கை வருமா?

பெரும்பாலும் வரும். செல் பிராட்காஸ்ட் முறையில் ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள எல்லாப் போன்களுக்கும் செய்தி போகும். எண் எந்த நாட்டினுடையது என்பது பொருட்டல்ல. ஆனால் போன் அந்நாட்டு நெட்வொர்க்கில் இணைந்திருக்க வேண்டும். விமானப் பயன்முறையில் வைத்து விடுதி வைஃபை மட்டும் பயன்படுத்துகிறவருக்கு எதுவும் வராது. செட்டிங்கில் அவசர எச்சரிக்கை இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செய்தி உள்ளூர் மொழியில் வரக்கூடும் என்பதால், மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த மொழியை இணையமில்லாமலும் இயங்கும்படி இறக்கி வையுங்கள். ஜப்பான் செல்வோருக்கு அந்நாட்டுச் சுற்றுலா முகமையின் ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலி பல மொழிகளில் கிடைக்கிறது.

நிலநடுக்க முன்னெச்சரிக்கை என்பது ஆரூடமல்ல. வேகமாக வரும் முதல் அலையைக் கருவிகள் உணர்ந்து, பின்னால் மெதுவாக வரும் நாசகார அலைக்கு முன் செய்தி அனுப்புகின்றன. கிடைப்பது சில நொடி முதல் ஒரு நிமிடம் போல. மையம் அருகில் இருந்தால் அதுவும் கிடைக்காது. மெக்சிகோ நகரில் 2017 செப்டம்பர் 19 அன்று சைரனும் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. அன்று காலைதான் ஆண்டு ஒத்திகைக்காக அதே சைரன் ஒலித்திருந்தது.

சுனாமி வருமா என்று எப்படி அறிவது? எவ்வளவு நேரம் கிடைக்கும்?

கடலோரத்தில் நீங்கள் உணர்ந்த நிலநடுக்கமே எச்சரிக்கை. நிற்கவே முடியாதபடி வலுவாக ஆடினாலோ, மெதுவாக என்றாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடினாலோ, ஆட்டம் நின்ற கணம் மேட்டுக்குக் கிளம்புங்கள். அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். 1993-இல் ஜப்பானின் ஒகுஷிரி தீவுக்கு அலை ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் பாலுவிலும் அப்படித்தான்: சில நிமிடங்கள்.

கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று பலர் நம்புகிறார்கள். அலையின் பள்ளம் முதலில் கரையை எட்டினால் கடல் உள்வாங்கும். முகடு முதலில் எட்டினால் நேராகப் பொங்கி வரும். உள்வாங்குகிறதா என்று பார்க்கப் போகும் நேரத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்துவிடலாம்.

நிலநடுக்கமே இல்லாமலும் வரும். 2018 டிசம்பர் 22 இரவு அனாக் கிரகத்தாவ் எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்ததால் சுந்தா நீரிணைக் கரைகளை அலை தாக்கியது. கரையில் இருந்தவர்களுக்கு முன்னறிகுறியாக எந்த ஆட்டமும் இல்லை. கடலிலிருந்து ரயில் ஓடுவது போன்ற இரைச்சல் கேட்டாலும் ஓட வேண்டியதுதான்.

இலக்கு: கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரம், அல்லது 3 கிலோமீட்டர் உள்நாடு. இரண்டும் முடியாவிட்டால் வலுவான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மேல், முடிந்தவரை உயரத்தில். நடந்தோ ஓடியோ போங்கள். காரை எல்லோரும் எடுப்பார்கள், சாலை அடைபடும். ஆற்றோரமாக உள்நாட்டுக்குப் போகாதீர்கள். அலை ஆற்றுப்படுகை வழியாகத்தான் வெகுதூரம் ஏறும்.

4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமியின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும். கரையருகே 10 மீட்டர் ஆழத்தில் 35 கிலோமீட்டர் அளவுக்குக் குறையும். குறைந்த வேகமும் மனிதக் காலுக்கு அதிகம்; கண்ணில் பட்ட பின் ஓடித் தப்பும் கணக்கு இல்லை. தொலைதூர நிலநடுக்கம் என்றால் மணிக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். 2025 ஜூலையில் கம்சாட்கா அருகே 8.8 அளவில் நில அதிர்வு வந்தபோது பசிபிக் கரைகளில் பல நாடுகள் மக்களை முன்கூட்டியே வெளியேற்றின.

பெரிய பிழை நடப்பது முதல் அலைக்குப் பின்புதான். அலைகள் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி விட்டு வரும், பல மணி நேரம் தொடரும். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தின்போது கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியைத் தாக்கிய அலைகளில் நான்காவதே பெரியது. எல்லாம் முடிந்தது என்று திரும்பி வந்தவர்கள் அதில் சிக்கினார்கள். அதிகாரிகள் திரும்பலாம் என்று சொல்லும்வரை மேட்டிலேயே இருங்கள்.

ஜப்பான் கடற்கரையில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அசைந்தால் அது சுனாமி எச்சரிக்கை. நீரிலிருந்து உடனே வெளியேறுங்கள். காது கேளாதவர்களுக்கும் இரைச்சலில் சைரன் கேட்காதவர்களுக்குமாக 2020 முதல் அங்கே இந்த முறை உள்ளது.

எரிமலை எச்சரிக்கை நிலை குறைவாக இருந்தால் ஏறலாம்தானே?

நிலை குறைவு என்பது ‘இப்போதைக்குக் கருவிகளில் மாற்றம் தெரியவில்லை’ என்று மட்டுமே பொருள்படும். ஜப்பானின் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27 நண்பகலுக்குச் சற்று முன் வெடித்தபோது நிலை 1, அதாவது ஐந்தில் மிகக் குறைந்தது. உச்சியில் மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் உட்பட 63 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். நியூசிலாந்தின் வக்காரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். இரண்டிலும் பாறைக்குழம்பு மேலேறி வரவில்லை. நிலத்தடி நீர் கொதித்து நீராவியாக வெடித்தது. அதற்கு முன்னறிகுறி மிகக் குறைவு, சில சமயம் அறவே இல்லை.

போவதென்று முடிவெடுத்தால்: எரிமலையைச் சுற்றி நுழையத் தடை விதித்த வட்டத்துக்குள் போகாதீர்கள், தலைக்கவசம் அணியுங்கள், எரிமலை வாயருகே படத்துக்காக நின்றுகொண்டிருக்காதீர்கள். வெடித்தால் முதல் ஆபத்து பறந்துவரும் கற்கள். பாறையின் மறைவிலோ குடிலிலோ பதுங்கிப் பையால் தலையையும் கழுத்தையும் மூடுங்கள். இறங்கும்போது ஓடைப் பள்ளங்களைத் தவிர்த்து முகட்டு வழியே இறங்குங்கள். கனமான நச்சு வாயுவும் சேற்றுப் பெருக்கும் பள்ளத்தைத்தான் தேடும். வெடித்து மாதங்கள் கழிந்த பிறகும் பெருமழை பழைய சாம்பலைச் சேறாக்கிக் கொண்டுவரும்.

சாம்பல் மழையில் என்95 முகக்கவசமும், பக்கம் மூடிய கண்ணாடியும் வேண்டும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். சாம்பல் என்பது மரச்சாம்பல் அல்ல, பொடித்த கண்ணாடியும் கல்லும், விழியைக் கீறும்.

சாம்பலால் விமானம் ரத்தானால் எனக்கு என்ன உரிமை?

முதலில், ஏன் ரத்து? சாம்பல் துகள் இயந்திரத்தின் வெப்பத்தில் உருகி, உள்ளே ஒட்டிக் காற்றோட்டத்தை அடைக்கும். 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் காலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் போன ஒரு ஜம்போ விமானத்தின் நான்கு இயந்திரங்களும் நின்றன. கீழே இறங்கிய பின் மீண்டும் இயங்கி, விமானம் ஜகார்த்தாவில் தரையிறங்கியது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லயோகுட்ல் எரிமலை வெடித்தபோது ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி ஏறத்தாழ ஆறு நாள் மூடப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், ஒன்றியத்துக்குள் வரும் ஒன்றிய நிறுவன விமானத்துக்கும் ஒரே விதி. இயற்கைப் பேரிடர் ‘அசாதாரண சூழ்நிலை’ என்பதால் இழப்பீட்டுத் தொகை கிடைக்காது. ஆனால் பணம் திரும்பப் பெறுவதோ மாற்று விமானத்தில் போவதோ உங்கள் விருப்பம். காத்திருக்கும் நாட்களில் உணவும் தங்குமிடமும் நிறுவனத்தின் பொறுப்பு. 2010 சாம்பல் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் இதை உறுதி செய்தது. நியாயமான செலவுக்கான ரசீதுகளை வைத்திருங்கள். கவுண்டரில் ‘பணம் திரும்ப’ என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதன் பிறகு அறை, சாப்பாட்டுப் பொறுப்பும் முடிந்துவிடும். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். பிற நாடுகளில் விதி வேறு. டிக்கெட்டின் நிபந்தனையே ஆதாரம்.

புயல் வருகிறது. எப்போது கிளம்புவது?

விமானங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அமெரிக்க முறையில் ஹரிகேன் ‘வாட்ச்’ என்றால் பலத்த காற்று தொடங்க சுமார் 48 மணி நேரம், ‘வார்னிங்’ என்றால் 36 மணி நேரம். உள்ளூர்க்காரர் வார்னிங் வரை காத்திருக்கலாம். அவருக்குக் கார் உண்டு, போக உறவினர் வீடு உண்டு. பயணி வாட்ச் வந்தவுடனே டிக்கெட்டை மாற்ற வேண்டும். அதற்குள் இருக்கைகள் தீரும். சில சமயம் அந்த அவகாசமும் கிடைக்காது: 2023 அக்டோபரில் ஓட்டிஸ் ஒரே நாளில் வெப்பமண்டலப் புயலிலிருந்து ஐந்தாம் வகை ஹரிகேனாக வலுத்து அகபுல்கோவில் கரையேறியது.

ஒரு நாட்டின் புயல் எச்சரிக்கை எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். ஹாங்காங்கில் 8ஆம் எண் சமிக்ஞை ஏறினால் கடைகள் மூடும், பேருந்துகள் படிப்படியாக நிற்கும். பிலிப்பைன்ஸில் அளவே 5-உடன் முடிகிறது. ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் 1 முதல் 5 வரை எண்ணினாலும் அளவுகோல் வேறு. ஜப்பானின் வெளியேற்ற நிலைகளில் 4 என்றால் ஆபத்துப் பகுதியில் உள்ள அனைவரும் வெளியேற வேண்டும். 5 என்றால் பேரிடர் ஏற்கெனவே நடக்கிறது, இருக்கும் இடத்திலேயே உயிர் காக்கும் வழியைப் பாருங்கள் என்று பொருள். ‘5 வரட்டும், கிளம்பலாம்’ என்றிருந்தால் தாமதமாகிவிடும்.

மாட்டிக்கொண்டால் ஜன்னலில்லாத உள்ளறையிலோ குளியலறையிலோ இருங்கள். ஆனால் கடல்நீர் ஏறும் பகுதியில் தரைத்தளம் கூடாது. காற்று சட்டென்று ஓய்ந்து வானம் தெளிந்தால் நீங்கள் புயலின் கண்ணுக்குள் இருக்கிறீர்கள். மறுபுறத்திலிருந்து காற்று திரும்ப அடிக்கும், வெளியே போகாதீர்கள்.

வாடகைக் காரில் வெள்ளத்தைக் கடக்கலாமா?

கூடாது. 15 சென்டிமீட்டர் ஓடும் நீர் ஆளைச் சாய்க்கும். 30 சென்டிமீட்டர் சிறு காரை மிதக்கவைக்கும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துப் போகும். நீருக்கடியில் சாலை இருக்கிறதா என்பதே தெரியாது.

2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதிக்கு வானிலை நிறுவனம் காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. போன்களுக்கு அவசரச் செய்தி போனது இரவு 8 மணிக்கு மேல். அதற்குள் பல ஊர்களில் தண்ணீர் ஏறிவிட்டது. காரைக் காப்பாற்ற நிலத்தடி நிறுத்தத்துக்கு இறங்கியவர்களும் இறந்தார்கள். போன் அலறவில்லை என்பதால் ஆபத்தில்லை என்றாகாது; வானிலை நிறுவனத்தின் நிற எச்சரிக்கையைக் காலையில் நீங்களே பாருங்கள்.

கார் நீரில் விழுந்தால் வரிசை இது: பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, குழந்தைகளை முதலில் தள்ளு, வெளியேறு. கதவைத் தள்ளிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்; நீரழுத்தம் திறக்கவிடாது. மின்சார ஜன்னல் தொடக்கத்தில் இயங்கும், பிறகு நின்றுவிடும்.

காட்டுத்தீ?

வெளியேறச் சொன்னால் பெட்டியை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2023 ஜூலையில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் ஏறத்தாழ 19,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பலர் நடந்தும் கடற்கரையிலிருந்து படகிலும் போனார்கள். தீக்காலத்தில் வாடகைக் காரில் எப்போதும் பாதி டேங்க் எரிபொருள் வைத்து, மூக்கு வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் சுமார் இரட்டிப்பாகும். ஆகவே மலையேறித் தப்ப நினைக்காதீர்கள். ஏற்கெனவே எரிந்து முடிந்த தரை, கடல், அகலமான வெற்றுநிலம் ஆகியவைதான் புகலிடம். பருத்தி அல்லது கம்பளி உடுத்துங்கள். நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

வெப்ப அலையையும் பேரிடராகக் கணக்கிட வேண்டுமா?

கட்டாயம். 2024 ஹஜ் காலத்தில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியிருந்தது. உளறல், தள்ளாட்டம், மயக்கம் வந்தால் அது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர்ந்த நீரில் இறக்குங்கள், அல்லது உடல் முழுதும் நனைத்து விசிறுங்கள். பாராசிட்டமால் இதற்கு உதவாது.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பெட்டி தொலைந்தாலும் உடலோடு இருக்கும் சிறு பை ஒன்று. அதில் பாஸ்போர்ட், அதன் காகித நகல், உள்ளூர்ப் பணம் சில்லறையாக, பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மருந்து, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டு, விசில், டார்ச், என்95 முகக்கவசம் இரண்டு, பவர் பேங்க். பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில் மட்டுமே வைக்கலாம். பொது வரம்பு 100 வாட்-மணி, அதாவது சுமார் 27,000 மில்லி ஆம்பியர்-மணி.

பணத்தாள் ஏன்? 2018 செப்டம்பர் 6 நிலநடுக்கத்துக்குப் பின் ஹொக்கைடோ தீவு முழுதும் மின்சாரம் போனது. அட்டையும் ஏடிஎம்மும் மின்சாரம் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்கும் இரும்புப் பெட்டியும்தான்.

செயற்கைக்கோள் போன் கொண்டுபோக நினைப்பவர் அந்நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள். இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதியின்றி வைத்திருந்தால் கைது வரை போகும்.

குழாய்நீரை நம்பலாமா?

வெள்ளத்துக்கோ நிலநடுக்கத்துக்கோ பின் நம்பாதீர்கள். நீர் நன்றாகக் கொதித்த பின் ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். கொதிநிலை அங்கே குறைவு என்பதால் கூடுதல் நேரம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், பெட்ரோலும் வேதிப்பொருளும் போகாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லிட்டர் கணக்கு வையுங்கள். ஆபத்து அறிவிப்பு வந்தவுடன் குளியல் தொட்டியை நிரப்பிவிட்டால் கழிப்பறைக்கும் கழுவவும் ஆகும்.

இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன், ஆனாலும் மறுக்கிறார்கள். ஏன்?

மறுப்புகளில் அடிக்கடி வரும் காரணம் ‘முன்னரே அறிந்த நிகழ்வு’. புயலுக்குப் பெயர் வைத்த பிறகோ, எரிமலை குமுறத் தொடங்கிய பிறகோ பாலிசி எடுத்தால் அந்த நிகழ்வுக்குப் பணம் வராது. எனவே முதல் முன்பணம் கட்டிய அதே வாரத்தில் எடுங்கள்.

இரண்டாவது, பயம் காரணமல்ல. விடுதி திறந்திருக்கிறது, விமானம் போகிறது, நீங்கள் அஞ்சி ரத்து செய்கிறீர்கள் என்றால் சாதாரண பாலிசி கொடுக்காது. ‘எந்தக் காரணத்துக்காகவும் ரத்து’ என்ற கூடுதல் பிரிவு கொடுக்கும், அதுவும் பொதுவாகச் செலவில் 50 முதல் 75 விழுக்காடு. முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கம்.

மூன்றாவது, அரசின் எச்சரிக்கை. உங்கள் அரசு ‘போகாதீர்கள்’ என்று அறிவித்த பகுதிக்குப் போனால் பல பாலிசிகள் மருத்துவச் செலவுக்குக்கூடப் பொறுப்பேற்பதில்லை. அறிவிப்பு சில சமயம் நாடு முழுவதற்கும் அல்லாமல் ஒரு மாவட்டத்துக்கோ, எரிமலையைச் சுற்றிய சில கிலோமீட்டருக்கோ இருக்கும், வரைபடத்தோடு படியுங்கள்.

நான்காவது, உயர வரம்பு. மலையேற்றத்துக்கு 3,000 அல்லது 4,000 மீட்டரோடு நிற்கும் பாலிசிகள் உண்டு. ஹெலிகாப்டரை அழைக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். அந்த எண்ணைப் போனில் மட்டுமல்ல, காகிதத்திலும் வையுங்கள்.

கோரிக்கைக்கு வேண்டியவை: விமான நிறுவனம் எழுத்தில் தந்த ரத்துக் காரணம், ரசீதுகள், விடுதி மூடியதற்கான கடிதம், தேதியுள்ள படங்கள். ஊர் திரும்பிய பின் இவற்றைத் தேடினால் கிடைப்பது கடினம்.

தூதரகம் வந்து மீட்குமா?

உங்களைத் தேடி வண்டி வரும் என்று எண்ண வேண்டாம். தூதரகம் செய்வது: இருப்பைப் பதிவு செய்தல், குடும்பத்துக்குத் தகவல், அவசரப் பயண ஆவணம், மருத்துவமனை, மொழிபெயர்ப்பாளர் பட்டியல், நிலைமை மோசமானால் பலரைச் சேர்த்து அழைத்துப்போகும் விமான ஏற்பாடு. அந்த விமானத்துக்குப் பல நாடுகள் பின்னர் கட்டணம் வாங்கும். உங்கள் நாடு பயணிகள் பதிவு வசதி வைத்திருந்தால் புறப்படும் முன் பதியுங்கள். பட்டியலில் இல்லாதவரை யாரும் தேட முடியாது.

பாஸ்போர்ட் போய்விட்டால் முதலில் காவல்துறைப் புகார் நகல், அடுத்து தூதரகத்தின் அவசர ஆவணம், பிறகு அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் வெளியேறும் அனுமதி. மூன்றாவதைப் பலர் மறந்துவிட்டு விமான நிலையத்திலிருந்து திரும்ப நேர்கிறது. நுழைவு முத்திரையும் விசாவும் பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டன அல்லவா. அவசர ஆவணத்தை இடைநிற்கும் நாடு ஏற்காமல் போகலாம் என்பதால் நேரடி விமானமாகப் பாருங்கள். விசா முடியும் தேதி நெருங்கினால், முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள்.

வீட்டாரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால்?

அழைப்பு போகாத நேரத்தில் குறுஞ்செய்தி போகும். “நலம், இடம், அடுத்த செய்தி எப்போது” என்று மூன்றே தகவல். ஒருவருக்கு மட்டும் அனுப்பி மற்றவர்களுக்கு அவரைச் சொல்லச் சொல்லுங்கள், பேட்டரி மிஞ்சும். ஜப்பானில் பேரிடர்க் காலத்தில் 171 என்ற எண்ணில் குரல்செய்தி பதிந்து வைக்கலாம். அவசர உதவிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவில் 911, ஜப்பானில் தீயணைப்பும் ஆம்புலன்ஸும் 119, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111.

ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால்?

வெள்ளநீரில் நடந்திருந்தால் எலிக்காய்ச்சலை நினைவில் வையுங்கள். அது பொதுவாக ஒன்று இரண்டு வாரத்தில் தலைகாட்டும், ஒரு மாதம் வரையும் ஆகலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு தெரிந்தால் மருத்துவரிடம் எந்த நாடு, எந்தத் தேதி, எவ்வளவு நேரம் நீரில் நின்றீர்கள், காலில் காயம் இருந்ததா என்று நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். காயம் பட்டிருந்தால் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டையும் சொல்லுங்கள். கொசு உள்ள நாடென்றால் மலேரியா, டெங்கு சோதனைகளும் சேர்த்தே செய்வார்கள்.